புதுச்சேரியிலிருந்து பாரிஸ் எவ்வளவு தூரம்?

ரெட்டியார்பாளையத்தில் ஒரு வீட்டு வாசலில் டாக்சி வந்து நின்று, கயிறு கட்டிய பெரிய பெரிய பெட்டிகள் அதில் ஏறுகின்றன என்றால், அந்த வீட்டில் யாரோ பிரான்சுக்குக் கிளம்புகிறார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் கணக்குப் போட்டுவிடுவார்கள். வீட்டில் அரைத்த மிளகாய்த்தூள், ஊறுகாய், அப்பளம், பேரப்பிள்ளைக்குப் பாவாடை சட்டை எல்லாம் அந்தப் பெட்டிக்குள் இருக்கும். "எவ்வளவு நேரம் பயணம்?" என்று கேட்டால், "பத்து மணி நேரம்தான்" என்று பதில் வரும்.

இந்தப் பதில் பாதிதான் சரி. பத்து மணி நேரம் என்பது விமானம் தரையை விட்டுக் கிளம்பி மறுபடி தரையைத் தொடும் வரைக்கும் உள்ள கணக்கு. வீட்டுக் கதவைப் பூட்டியதிலிருந்து பாரிஸ் புறநகரில் பிள்ளை வீட்டுக் கதவைத் தட்டும் வரை பார்த்தால் இருபது மணி நேரத்தை நெருங்கும். ஆனாலும் இந்த இருபது மணி நேரம் எப்படி வந்தது, அதற்கு முன்னால் என்னவாக இருந்தது என்று தேடிப் போனால் புதுச்சேரியின் பாதிச் சரித்திரம் அதற்குள் கிடக்கிறது.

முதலில் தூரத்தைப் பார்த்துவிடுவோம். ஒரு பூமி உருண்டையை எடுத்துக்கொண்டு புதுச்சேரியில் ஒரு நூலின் நுனியை வைத்து, மறுநுனியைப் பாரிசில் வைத்து இறுக்கிப் பிடித்தால் அந்த நூல் போகும் வழிதான் மிகக் குறுகிய வழி. அதன் நீளம் ஏறத்தாழ 8,080 கிலோமீட்டர். சென்னை மீனம்பாக்கத்திலிருந்து அளந்தால் 8,020. அந்த நூல் எங்கெங்கே போகிறது என்பது வேடிக்கையானது. புதுச்சேரியிலிருந்து வடமேற்காகக் கிளம்பி, தக்காணத்தைக் கடந்து, மும்பைக்கு மிக அருகில் கடலைத் தொட்டு, பலுச்சிஸ்தான், ஈரான் வழியாக ஏறி, கருங்கடலைத் தாண்டி, ஹங்கேரி, ஜெர்மனி மேல் போய் பாரிசில் இறங்குகிறது. தட்டையான வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் இந்த வழி கிடைக்காது. தட்டை வரைபடத்தில் அது வடக்குப் பக்கம் வளைந்த கோடாகத் தெரியும்.

விமானங்கள் இந்த நூல் வழியை அப்படியே பிடித்துப் போவதில்லை. எந்த நாட்டு வான்வெளி திறந்திருக்கிறது, எங்கே சண்டை நடக்கிறது, காற்று எப்படி அடிக்கிறது என்று பார்த்து வளைந்து போகும். காற்று என்பது சின்ன விஷயம் இல்லை. விமானங்கள் பறக்கும் உயரத்தில், முக்கியமாகக் குளிர்காலத்தில், மேற்கிலிருந்து கிழக்காகப் பலமான காற்றோட்டம் உண்டு. அதனால் பாரிசிலிருந்து சென்னைக்கு வருவதைவிட சென்னையிலிருந்து பாரிசுக்குப் போவது அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை அதிகம் பிடிக்கும். ஊருக்கு வரும்போது சீக்கிரம் வந்துவிட்டதாகவும், திரும்பிப் போகும்போது நேரம் இழுப்பதாகவும் பயணிகள் சொல்வது வெறும் மனசு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் அல்ல!

இந்த 8,080 கிலோமீட்டர் 1674ல் பிரான்சுவா மர்த்தேன் புதுச்சேரியில் வந்து பிரெஞ்சுக் கம்பெனிக்கு வேர் ஊன்றிய காலத்திலும் இதேதான். ஆனால் அந்த வழியில் போக அன்று யாராலும் முடியாது. கப்பல் பிரான்சின் மேற்குக் கரையிலிருந்து, பிற்காலத்தில் லோரியான் துறைமுகத்திலிருந்து, கிளம்பி ஆப்பிரிக்கா முழுவதையும் சுற்றி, நன்னம்பிக்கை முனையைத் தாண்டி, மொரிஷியசிலோ ரியூனியனிலோ தண்ணீரும் காய்கறியும் ஏற்றிக்கொண்டு, அப்புறம் வங்காள விரிகுடாவுக்குள் நுழைய வேண்டும். கடல் வழி 20,000 கிலோமீட்டருக்கும் மேல். பாய்மரக் கப்பல் என்பதால் காற்று வாட்டம் பார்த்து இன்னும் சுற்றும். ஆறு மாதம் ஆனால் நல்ல பயணம், எட்டு மாதம் ஆனாலும் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள்.

நினைத்த மாதத்தில் கிளம்பவும் முடியாது. பருவக்காற்றுதான் அன்றைய டைம் டேபிள். தென்மேற்குக் காற்று பின்னாலிருந்து தள்ளும்போது வந்து சேர வேண்டும். ஐப்பசி பிறப்பதற்குள் சோழமண்டலக் கரையை விட்டுக் கப்பல்கள் விலகிவிட வேண்டும். ஏனென்றால் புதுச்சேரியில் கப்பல் ஒதுங்க இயற்கைத் துறைமுகம் கிடையாது. திறந்த கடலில்தான் நங்கூரம். 1746 செப்டம்பரில் சென்னையைப் பிடித்த லா பூர்தொனே அக்டோபரிலும் அங்கேயே தங்கியிருந்தார். புயல் வந்து அவருடைய கப்பல்களைச் சிதறடித்தது. ஆங்கிலேயரிடம் இழக்காத கப்பல்களை ஐப்பசிக் காற்றிடம் இழந்தார்.

ஆறு மாதம் பயணம் என்றால் ஒரு கடிதம் போய்ப் பதில் வர ஒன்றரை வருஷம் என்று அர்த்தம். கடிதமும் ஆளும் ஒரே கப்பலில்தான் போக வேண்டும். கடிதத்துக்கென்று தனி வேகம் அன்று கிடையாது. ஆனந்தரங்கப் பிள்ளை 1736ல் எழுதத் தொடங்கிய நாட்குறிப்பைப் புரட்டுகிறவர்களுக்கு ஒன்று கண்ணில் படும். ஐரோப்பாவிலிருந்து கப்பல் தென்பட்டது என்றால் ஊரே பரபரக்கும். அந்தக் கப்பலில் என்ன சரக்கு வந்தது என்பதைவிட என்ன உத்தரவு வந்தது என்பதுதான் பேச்சு. 1754 ஆகஸ்டில் வந்த கப்பலில் கோதெயு இறங்கினார். துய்ப்ளேயைப் பதவியிலிருந்து இறக்கும் உத்தரவு அவர் கையில் இருந்தது. திருச்சியைப் பிடிக்க என்ன செய்யலாம் என்று துய்ப்ளே திட்டம் போட்டுக்கொண்டிருந்த அத்தனை மாதமும் அவருடைய முடிவு கடலில் மிதந்து வந்துகொண்டிருந்தது. அவருக்குத்தான் தெரியாது.

துய்ப்ளே பதவி இழந்தார், அவ்வளவுதான். உயிர் போன கதையும் உண்டு.

1783ல் புதுச்சேரிக்குத் தெற்கே இருபது கிலோமீட்டர் சொச்சம் தூரத்தில், கடலூரில், பிரெஞ்சுப் படை புஸ்ஸி தலைமையில் கோட்டைக்குள் இருந்தது. ஆங்கிலப் படை ஜெனரல் ஸ்டூவர்ட் தலைமையில் வந்து முற்றுகை போட்டது. ஜூன் 13ஆம் தேதி கடுமையான சண்டை. இரண்டு தரப்பிலும் நூற்றுக்கணக்கில் செத்தார்கள், காயம்பட்டார்கள். ஜூன் 20ஆம் தேதி கடலில் சுஃப்ரேனின் பிரெஞ்சுக் கப்பல் படையும் ஹியூசின் ஆங்கிலக் கப்பல் படையும் மோதின. ஜூன் 25ஆம் தேதி பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையை விட்டு வெளியே வந்து தாக்கினார்கள். அதற்கும் பலி.

இதில் கொடுமை என்னவென்றால் பிரான்சும் இங்கிலாந்தும் அந்த வருஷம் ஜனவரி 20ஆம் தேதியே வெர்சாய் அரண்மனையில் முதல்கட்ட சமாதானத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டன. அதாவது கடலூர்க் கடலில் பீரங்கி வெடித்த நாளுக்குச் சரியாக ஐந்து மாதம் முன்னால்! சமாதானம் ஆகிவிட்டது என்ற செய்தி ஜூன் மாத இறுதியில்தான் கடலூருக்கு வந்து சேர்ந்தது. உடனே சண்டை நின்றது. இரண்டு படையிலும் சிப்பாய்கள் என்று பெயர் வாங்கி நின்றவர்கள் இந்த நாட்டு ஆட்கள். முடிந்துபோன சண்டையில் செத்தார்கள். 8,080 கிலோமீட்டரின் விலை என்ன என்று கேட்டால் கடலூர் மணலைக் காட்டலாம்.

சமாதானக் காகிதம் வந்த பிறகும் காரியம் நடக்க நாள் பிடிக்கும் என்பதற்கு அதற்கு முந்தைய யுத்தமே சாட்சி. 1761 ஜனவரி 16ல் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்தது. ஊரை இடித்துத் தரைமட்டம் ஆக்கினார்கள். (பிள்ளை அதற்குச் சில நாட்கள் முன்புதான் இறந்தார். அந்தக் காட்சியைப் பார்க்காமல் போனதும் ஒரு விதத்தில் நல்லதுதான்.) 1763 பிப்ரவரியில் பாரிஸ் உடன்படிக்கை புதுச்சேரியைப் பிரெஞ்சுக்காரருக்கே திருப்பிக் கொடுத்தது. ஆனால் ஊர் கைக்கு வந்தது 1765ல். இரண்டு வருஷத்தையும் கப்பல் தின்றுவிடவில்லை, பேச்சுவார்த்தை இழுபறியும் உண்டு. அப்போது வந்து ஊரைப் பெற்றுக்கொண்ட கவர்னர் ழான் லா தெ லோரிஸ்தோன். ரெட்டியார்பாளையத்துக்கு வடக்கே உள்ள லாஸ்பேட்டை அந்த 'லா'வின் பெயரால் வந்தது என்பார்கள். புதுச்சேரியின் விமான நிலையம் இன்றைக்கு அந்த லாஸ்பேட்டையில்தான் இருக்கிறது. அந்தக் கதைக்குப் பிறகு வருவோம்.

பாதையை முதலில் வெட்டியது நீராவி. 1862ல் ஒரு பிரெஞ்சுக் கப்பல் கம்பெனி (பின்னாளில் மெசாழெரி மரித்தீம் என்று பெயர் மாறியது) சூயசிலிருந்து சைகோனுக்கு நீராவிக் கப்பல் விட ஆரம்பித்தது. மார்செய்யில் ஏறி எகிப்தில் இறங்கி, ரயிலில் பாலைவனத்தைத் தாண்டி, செங்கடலில் வேறு கப்பல் ஏற வேண்டும். 1869 நவம்பர் 17ல் சூயஸ் கால்வாய் திறந்தபிறகு இறங்கி ஏறும் வேலையும் போயிற்று. மார்செய்யிலிருந்து கொழும்புக்குக் கால்வாய் வழியாக ஒன்பதாயிரம் கிலோமீட்டர் சொச்சம்தான். ஆறு மாதப் பயணம் ஒரே தலைமுறைக்குள் ஒரு மாதத்துக்குள் வந்துவிட்டது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கப்பல் கம்பெனிக்குக் குறி சைகோன், அதையும் தாண்டிச் சீனா. புதுச்சேரி அல்ல. பெரிய கப்பல்கள் இலங்கையைத் தொட்டுவிட்டு நேரே கிழக்கே போய்விடும். புதுச்சேரிக்கு இலங்கையிலிருந்து சென்னை, கல்கத்தா போகும் கிளைக் கப்பல்தான். 1910ல் அரவிந்தர் கல்கத்தாவிலிருந்து இந்தக் கிளை வழியில் ஓடிய கப்பலில்தான் ஏப்ரல் 4ஆம் தேதி புதுச்சேரிக்கு வந்து இறங்கினார். கப்பலின் பெயர் 'துய்ப்ளே'! பிரெஞ்சு இந்தியாவின் தலைநகரம் என்று பெயர் பெரிதாக இருந்தாலும், மெயின் லைனில் இடம் இல்லாத ஸ்டேஷன் மாதிரிதான் இருந்தது.

கிளைக் கப்பலில் வந்தாலும் கரையேறுவது தனிக் கதை. கப்பல் தூரத்தில் நிற்கும். அலையில் உடையாமல் இருக்க, பலகைகளை ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த சலங்கு என்ற படகு வரும். அதில் தொற்றிக்கொண்டு அலை மேல் ஏறி இறங்கி நனைந்துகொண்டு கரைக்கு வர வேண்டும். 1860களில் கடலுக்குள் இரும்புப் பாலம் ஒன்று கட்டினார்கள். 1952 புயலில் அது போய்விட்டது. காந்தி சிலைக்குப் பக்கத்தில் கடலுக்குள் நிற்கும் துருப்பிடித்த தூண்களை எல்லாரும் போட்டோ எடுக்கிறார்கள். அவை அந்தப் பாலத்தின் மிச்சம்தான். ஒன்பதாயிரம் கிலோமீட்டர் சுகமாக வந்தவரைக் கடைசி சில நூறு மீட்டர்தான் படுத்தி எடுத்தது.

இதனால் பலர் கொழும்பில் இறங்கி ரயில் பிடித்தார்கள். 1879லேயே விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு ரயில் வந்துவிட்டது. 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்தபிறகு தனுஷ்கோடி வரை ரயில். அந்தப் பக்கம் தலைமன்னாரிலிருந்து சின்னக் கப்பல். அந்த வழி திறந்து சில வாரங்களுக்குள் அதில் வந்த ஒரு பயணியின் தேதிகள் நன்றாகப் பதிவாகியிருக்கின்றன. பின்னாளில் ஆசிரமத்தின் அன்னை என்று அறியப்பட்ட மிர்ரா, கணவர் பால் ரிஷாருடன் 1914 மார்ச் 5ல் பாரிசை விட்டுக் கிளம்பினார். மார்ச் 7ல் 'காகா மாரு' என்ற ஜப்பானியக் கப்பல். மார்ச் 27ல் கொழும்பு. அங்கிருந்து கடலைக் கடந்து தனுஷ்கோடி, ரயிலில் விழுப்புரம், மார்ச் 29 காலை புதுச்சேரி. வாசல் முதல் வாசல் வரை 24 நாள். துய்ப்ளே காலத்து ஆள் கேட்டால் மாயம் என்பான்.

ரிஷார் வந்தது தேர்தலில் நிற்க. பிரெஞ்சு இந்தியாவிலிருந்து பாரிஸ் பாராளுமன்றத்துக்கு ஒரு பிரதிநிதி உண்டு. மூன்று வாரத்துக்கு மேல் பயணம் செய்து வந்து, ஒரு மாதத்துக்குள் பிரசாரம் முடித்து, தோற்றுப்போனார். அப்போது ரெட்டியார்பாளையம் உட்பட்ட உழவர்கரையில் ஓட்டுப் போட்டவர்களுக்குத் தங்கள் பிரதிநிதி 24 நாள் தள்ளி உட்கார்ந்திருப்பது விசித்திரமாகப் பட்டிருக்குமா, பழகிப்போயிருக்குமா? பழகித்தான் போயிருக்கும்.

இந்தக் காலத்தில்தான் இன்னொரு மாற்றமும் நடந்தது. சரித்திரப் புத்தகங்களில் இதைத் தந்திக்கம்பி என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். 1870ல் இங்கிலாந்திலிருந்து பம்பாய் வரை கடலடி கேபிள் வந்தது. அன்றோடு செய்தியும் ஆளும் பிரிந்தார்கள். அதற்கு முன் இரண்டும் ஒரே கப்பலில் ஏறி ஒரே நாளில் இறங்கின. இனிமேல் செய்தி சில மணி நேரத்தில் வந்துவிடும், ஆள் வர மூன்று நான்கு வாரம் ஆகும். கடலூர் மாதிரி ஒரு சண்டை இனி நடக்க வழியில்லை. 1940ல் ஜெர்மனியிடம் பிரான்ஸ் வீழ்ந்தபோது தெ கோல் லண்டன் ரேடியோவில் பேசினார். புதுச்சேரி கவர்னர் போன்வேன் அந்த வருஷம் செப்டம்பரில் தெ கோல் பக்கம் சேர்வதாக அறிவித்தார். எந்தக் கப்பலுக்காகவும் அவர் காத்திருக்கவில்லை.

ராஜாங்க விஷயத்துக்கு இது லாபம். வீட்டு விஷயத்துக்கு? சைகோனிலோ பிரான்சிலோ உத்தியோகத்தில், பட்டாளத்தில் இருந்த புதுச்சேரிப் பிள்ளைகளுக்கு அப்பா இறந்த தந்தி அன்றைக்கே கிடைக்கும். கிடைத்து என்ன செய்வது? கப்பலேறி ஊர் வந்து சேர்ந்தால் கருமாதிகூட முடிந்திருக்கும். செய்தி ஆறு மாதம் கழித்து வந்த காலத்தில் துக்கமும் ஆறு மாதம் பழசாகித்தான் வந்தது. தந்தி வந்தபிறகு, இன்றைக்கு எடுக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டே தூரத்தில் உட்கார்ந்திருக்க வேண்டியதாயிற்று. நீராவியும் தந்தியும் சேர்ந்து மனிதனுக்குப் புதிதாகக் கொடுத்த கஷ்டம் இது.

ஆளையும் செய்தியின் வேகத்துக்குக் கொண்டுபோகும் வேலையை விமானம் எடுத்துக்கொண்டது. அதன் கதையில் ஒரு பிரெஞ்சுக்காரர் இந்தியாவிலேயே முதல் வரியை எழுதினார். 1911 பிப்ரவரி 18ல் ஆன்ரி பெக்கே என்ற விமானி அலகாபாத்திலிருந்து யமுனையைத் தாண்டி நைனி வரை ஏறத்தாழ பத்து கிலோமீட்டர் பறந்து 6,500 கடிதங்களைக் கொண்டுபோனார். உலகத்திலேயே அதிகாரபூர்வமான முதல் விமானத் தபால் அதுதான்.

1931 ஜனவரியில் ஏர் ஓரியான் என்ற பிரெஞ்சுக் கம்பெனி மார்செய்–சைகோன் விமானம் தொடங்கியது. ஏதென்ஸ், டமாஸ்கஸ், பாக்தாத், கராச்சி, ஜோத்பூர், அலகாபாத், கல்கத்தா, ரங்கூன், பாங்காக் என்று தத்தித் தத்திப் பத்து நாள். பிரெஞ்சு விமானம் இந்தியாவின் குறுக்கே பறந்தது. ஆனால் இறங்கியது எல்லாம் ஆங்கிலேயர் ஊர்களில். பிரெஞ்சு இந்தியாவின் ஐந்து ஊர்களில் ஒன்றில்கூட இறங்கவில்லை. கல்கத்தாவிலிருந்து எட்டிப் பார்க்கும் தூரத்தில் சந்திரநாகூர் இருந்தும் பிரயோஜனம் இல்லை. கப்பல் காலத்தில் நடந்தது மறுபடி நடந்தது. குறி சைகோன், புதுச்சேரி ஓரம்.

அடுத்த வருஷம் ஓரளவு உதவி டாடாவிடமிருந்து வந்தது. 1932 அக்டோபர் 15ல் ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய் வரை தபாலோடு பறந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். லண்டனிலிருந்து கராச்சிக்கு 1929லேயே விமானம் இருந்ததால், ஐரோப்பாவிலிருந்து ஒரு கடிதம் பத்து நாள் அளவில் சென்னைக்கு வந்து, ராத்திரி ரயிலில் புதுச்சேரிக்கு வர முடிந்தது. சாதாரண ஜனங்கள் விமானத்தில் ஏறுவது அப்போது கனவிலும் இல்லை.

அதற்கு இன்னும் முப்பது வருஷம் ஆயிற்று. 1948 ஜூன் 8ல் ஏர் இந்தியாவின் 'மலபார் பிரின்சஸ்' பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டனுக்குப் பறந்தது. ஐரோப்பா ஒரு நாள் பயணம் ஆயிற்று. அதே விமானம் 1950 நவம்பர் 3ல் பிரான்சின் மோன் பிளான் மலையில் மோதி 48 பேர் இறந்தார்கள். பயணிகள் 40 பேரும் கப்பலில் வேலைக்குச் சேரப் போன இந்திய மாலுமிகள் என்பது மனதைப் பிசைகிறது. கப்பல்காரர்களே விமானத்தில் போக ஆரம்பித்த காலம் அது. 1960ல் போயிங் 707 ஜெட் வந்தது. 1967 ஜூன் யுத்தத்தில் சூயஸ் கால்வாய் மூடி, 1975 ஜூன் வரை எட்டு வருஷம் திறக்கவே இல்லை. மார்செய்க் கப்பல்களின் காலம் அதோடு தீர்ந்தது.

இதற்கு நடுவில் தூரத்தின் அர்த்தமே மாறியிருந்தது. 1954 நவம்பர் 1ல் பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்தார்கள். 1962 ஆகஸ்ட் 16ல் சட்டப்படி ஊர் இந்தியாவோடு சேர்ந்தது. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமா என்று முடிவு செய்ய ஆறு மாதம் கொடுத்தார்கள். சில ஆயிரம் பேர் வேண்டும் என்றார்கள். ஒரே வீட்டில் அண்ணன் பிரெஞ்சுக்காரர், தம்பி இந்தியர் என்று ஆனது உண்டு. அதுவரை கவர்னர், நீதிபதி, கம்பெனி என்று பாரிஸ் இங்கே வந்துகொண்டிருந்தது. அதன்பிறகு ரெட்டியார்பாளையம் அங்கே போக ஆரம்பித்தது.

இன்றைய நிலைக்கு வருவோம். லாஸ்பேட்டையில் விமான நிலையம் இருக்கிறதே, அங்கிருந்து ஏறிப் போகலாமே என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். ஓடுதளம் 1,500 மீட்டர் அளவுதான். சிறிய ஏடிஆர் விமானம் இறங்கும், பாரிஸ் போகிற பெரிய விமானத்துக்கு அது போதவே போதாது. நீட்டலாம் என்றால் பக்கத்து நிலம் தமிழ்நாட்டில் இருக்கிறது! பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் கிராமம் கிராமமாகப் பங்கு போட்ட எல்லை, இன்றைக்கு ஓடுதளத்தின் குறுக்கே வந்து நிற்கிறது. இருக்கிற ஓடுதளத்திலும் சேவை நிலைக்கவில்லை. 2013 ஜனவரியில் ஸ்பைஸ்ஜெட் பெங்களூருக்கு விட்டது, அடுத்த வருஷம் நின்றது. 2017 ஆகஸ்டில் உடான் திட்டத்தில் ஐதராபாத்துக்கு விட்டார்கள், 2020ல் கொரோனா வந்தது. 2024 டிசம்பரில் இண்டிகோ பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் தொடங்கியது.

ஆகவே பிரான்சுக்குப் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் சென்னைதான். 150 கிலோமீட்டர், காரில் மூன்று மணி நேரம். அங்கே மூன்று மணி நேரம் முன்னதாக நிற்க வேண்டும். நேர் விமானம் கிடைத்தால் பத்து மணி நேரம் சொச்சம். ஜெட் ஏர்வேஸ் 2017 அக்டோபர் 29ல் சென்னை–பாரிஸ் நேர் விமானம் தொடங்கியபோது புதுச்சேரியில் சந்தோஷப்படாத வீடு குறைவு. 2019 ஏப்ரலில் அந்தக் கம்பெனியே படுத்துவிட்டது. நேர் விமானம் இல்லாவிட்டால் துபாயோ தோஹாவோ அபுதாபியோ. துபாய் வழி சுற்று என்று நினைக்க வேண்டாம். நூல் வழியைவிட 150 கிலோமீட்டர் அளவுதான் கூடுதல். தூரம் கூடுவதில்லை, நேரம்தான் கூடுகிறது. இறங்கி, காத்திருந்து, மறுபடி ஏறிப் போவதற்குள் நான்கைந்து மணி நேரம் ஓடிவிடும். சலங்குப் படகு காலத்திலிருந்து மாறாத விஷயம் இது ஒன்றுதான். மொத்த வழியில் நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லாத சென்னைச் சாலை, மொத்த நேரத்தில் ஆறில் ஒரு பங்கைச் சாப்பிடுகிறது.

கைக்கெட்டிய இந்த வேகம் பறிபோகவும் செய்யும் என்று 2020 காட்டியது. அந்த வருஷம் மார்ச் 23ல் இந்தியாவுக்கு வரும் சர்வதேசப் பயணிகள் விமானங்கள் நின்றன. ஜூலையில் பிரான்சோடு தனி ஏற்பாட்டில் சில விமானங்கள் வந்தன. வழக்கமான சேவை 2022 மார்ச் 27ல்தான் திரும்பியது. இடைப்பட்ட மாதங்களில் இறப்புச் செய்தி ஒரு நொடியில் போயிற்று, முகம்கூட வீடியோவில் தெரிந்தது, ஆள் மட்டும் வர முடியவில்லை. 1870க்குப் பிந்தைய தந்திக்காலம் அப்படியே திரும்பி வந்த மாதிரி இருந்தது.

மற்ற நாட்களில் கணக்கு வேறு. ரெட்டியார்பாளையத்தில் ஒரு வீட்டில் குளிர்காலத்தில் ஒருநாள் விடியற்காலை நான்கு மணிக்கு ஒரு பெரியவர் கண்ணை மூடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாரிசில் அப்போது முந்தின ராத்திரி பதினொன்றரை. மகன் போனை வைத்துவிட்டு டிக்கெட் தேடுகிறான். காலை பத்து மணி விமானம் கிடைக்கிறது. இங்கே வீட்டில் ஐஸ் பெட்டி வந்து இறங்குகிறது. வாசலில் பந்தல் போடுகிறவர் எப்போது எடுப்பு என்று கேட்கிறார். சித்தப்பா விரல் விட்டு எண்ணுகிறார். பத்தும் பத்தும் இருபது, அதோடு நாலரை, அதாவது நம்ம நேரம் ராத்திரி பன்னிரண்டரைக்கு மீனம்பாக்கம், பெட்டி எடுத்து வெளியே வர ஒன்றரை, திண்டிவனம் வழியாக வந்தால் நாலரை ஐந்து.

"நாளைக்குப் பத்து மணிக்கு எடுத்துடலாம்" என்கிறார் சித்தப்பா.